ஸ்வெட்டருக்கு மேலே கை வைத்தால் பரிசோதனை ஆகுமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 44, கொழுந்து எடுக்கிறார். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் மட்டும்:

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் லைன் வீடுகளுக்கு சுகர், பிரஷர் பார்க்க வரும் நர்சம்மா, முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, துணை சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார். போனேன். படுக்க வைத்து நிதானமாகப் பார்த்தார். வலது பக்கம் அக்குளுக்குக் கிட்டே தடிப்பாக இருக்கிறது, சர்ஜனிடம் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் 'வலது, 10 மணி, 2 செ.மீ.' என்று இருக்கிறது. 10 மணிக்கு வரச் சொல்கிறார்களா என்றும் புரியவில்லை. இரண்டு வாரம் கழித்து எங்கள் தோட்டத்திலேயே ஒரு முகாம் நடந்தது. ஆண் டாக்டர். நாற்பது பேர் வரிசையில் நின்றோம். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. நின்றபடியே மேலாகக் கை வைத்துப் பார்த்துவிட்டு, 'ஒன்றும் இல்லை, போங்கம்மா' என்றார். துணியைக் கழற்ற வேண்டியிருக்கவில்லையே என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். நர்சைவிட டாக்டர் பெரியவர்தானே, விட்டுத் தள்ளு என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் இது பால் கட்டி, வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிப் போடு என்கிறார். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் மகள், கையால் பார்ப்பதை அமெரிக்காவிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று போனில் காட்டுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது? திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றிக் காட்ட வேண்டுமா? அதுவும் ஆண் டாக்டராக இருந்தால்?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நர்சம்மா கொடுத்த சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு சர்ஜனிடம் போங்கள். முகாமில் நடந்ததைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

இனி அந்த 10 மணி. மார்பகத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். காம்பு நடுவில்; எதிரே நிற்பவர் பார்க்கும்போது 12 மேலே, 6 கீழே. வலது மார்பகத்தில் 10 மணி என்றால் மேல்பக்கம், அக்குளை ஒட்டிய பகுதி. அடுத்து பார்ப்பவர் எந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. 2 செ.மீ. என்பது தடிப்பின் அளவு. இந்த ஒரு வரியைப் பார்த்ததுமே அந்த நர்சம்மா மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பக்கம், இடம், அளவு மூன்றையும் எழுதுகிறவர் சும்மா தொட்டுப் பார்த்து அனுப்புகிறவராக இருக்க மாட்டார். முகாமில் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது என்ன? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அநேகமாக ஒன்றும் எழுதியிருக்க மாட்டார்கள்.

படிப்பில் டாக்டர் பெரியவர் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான். ஆனால் கம்பளிக்கு மேலே வைத்த கைக்கு எம்.பி.பி.எஸ். படித்ததால் கூடுதலாக எதுவும் தெரியப் போவதில்லை. அவரைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. நாற்பது பெண்கள், ஒரு மேசை, திரைக்குப் பதில் ஒரு பெட்ஷீட், மதியத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த நிலையில் அவர் செய்திருக்க வேண்டியது, 'இங்கே சரியாகப் பார்க்க முடியாது, மருத்துவமனைக்கு வாருங்கள்' என்று சொல்வது. 'ஒன்றும் இல்லை' என்று சொன்னது தப்பு. பார்க்காமல் விட்டிருந்தால்கூட நீங்கள் சீட்டோடு சர்ஜனிடம் போயிருப்பீர்கள்.

சரி, ஒழுங்கான பரிசோதனை எப்படி இருக்கும்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுத்த முறை நடப்பது பரிசோதனையா, சடங்கா என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

தொடுவதற்கு முன்னால் பேச்சு. கடைசி மாதவிலக்கு எப்போது, முதல் பிள்ளை எந்த வயதில், தாய்ப்பால் கொடுத்தீர்களா, முன்பு கட்டி எதற்காவது ஊசியோ ஆபரேஷனோ நடந்ததா என்று கேட்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்பது முக்கியமான கேள்வி. அம்மா, அக்கா, சித்தி என்று தாய்வழியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள் பலர். அப்பாவின் அக்கா தங்கைக்கு வந்திருந்தாலும் அது கணக்குத்தான், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பிறகு, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். கதவையோ திரையையோ மூட வேண்டும். இடுப்புக்கு மேலே துணியை அகற்றத்தான் வேண்டும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. முதலில் உட்கார வைத்து, தொடாமல், பார்ப்பது. கை இரண்டையும் தொங்கவிட்டு ஒரு முறை, தலைக்கு மேலே தூக்கி ஒரு முறை, இடுப்பில் ஊன்றி அழுத்தி ஒரு முறை. இது எதற்கு என்றால், உள்ளே ஏதாவது தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால், கையைத் தூக்கும்போதும் அழுத்தும்போதும் அந்த இடம் குழி விழும்; சும்மா உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. காம்பு புதிதாக உள்ளே போயிருக்கிறதா, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா, காம்பில் ஆறாத படை மாதிரி எதுவும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறந்திருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு பக்கத்தைச் சால்வையால் மூடிக்கொள்ளலாம்.

அடுத்து அக்குள். உங்கள் முழங்கையை டாக்டர் தன் கையில் தாங்கிக்கொள்வார். நீங்களே கையைத் தூக்கிப் பிடித்தால் தசை இறுகி உள்ளே நெறி கட்டியிருப்பது தட்டுப்படாது. காறை எலும்புக்கு மேலேயும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் படுக்க வைத்துப் பார்ப்பது. இதுதான் முக்கியமான பகுதி. தோளுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணையோ மடித்த துண்டோ வைத்து, அந்தப் பக்கக் கையைத் தலைக்கு மேலே போடச் சொல்வார்கள். அப்போதுதான் மார்பகம் நெஞ்செலும்புக் கூட்டின் மேல் தட்டையாகப் பரவும். நின்றபடி பார்த்தால் கனம் எல்லாம் கீழே இறங்கிவிடும். அடியில் ஒரு நெல்லிக்காய் இருந்தாலும் தெரியாது. நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால், நுனியால் குத்தாமல், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்ன வட்டமாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று அழுத்தம்: தோலுக்குக் கீழே பார்க்க லேசாக, நடுத் திசுவுக்கு இன்னும் கொஞ்சம், எலும்புவரை உணர ஆழமாக. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பக்கத்தில் நகர்ந்து மறுபடியும். நீங்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பதைப் போலத்தான். ஒரு செடி விட்டாலும் கங்காணி கண்டுபிடித்துவிடுவார் அல்லவா, அப்படி இடம் விடாமல் போக வேண்டும். காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் அடி மடிப்புவரை, நடு நெஞ்செலும்பிலிருந்து அக்குளுக்கு நேர்கீழ்க் கோடுவரை. இப்படிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஆகும். உடல் மெலிந்தவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம். முப்பது வினாடியில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

விரல்களால் கிள்ளிப் பிடித்துப் பார்க்கக் கூடாது. யாருடைய மார்பகத்தைக் கிள்ளினாலும் கட்டி மாதிரிதான் இருக்கும். காம்பைப் பிழிந்து பார்ப்பதும் அவசியமில்லை. தானாகவே, ஒரு பக்கத்தில் மட்டும், தண்ணீராகவோ ரத்தமாகவோ கசிந்தால்தான் அதை விசாரிக்க வேண்டும்.

எங்கள் மலைக்கே உரிய ஒரு தொந்தரவும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் காலை ஒன்பது மணிக்கு என் விரல்கள் ஐஸ் கட்டிகள். அப்படியே தொட்டால் வந்தவர் திடுக்கிட்டு உடம்பைச் சுருக்கிக்கொள்வார். இறுகிய உடம்பில் ஒன்றும் தெரியாது. என் மேசையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். டீ என்று நினைத்து ஆசையாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அது கையை நனைத்துச் சூடாக்கிக்கொள்ளும் வெந்நீர். 'கை ரொம்பச் சில்லென்று இருக்கிறது, கொஞ்சம் தேய்த்துக்கொள்ளுங்கள்' என்று யாரிடமும் சொல்லலாம். அதற்குக் கோபித்துக்கொள்ளும் டாக்டரிடம் திரும்பப் போக வேண்டாம்.

இவ்வளவு சொல்கிற நானும் எப்போதும் இப்படிப் பார்த்தவள் இல்லை. பயிற்சிக் காலத்தில், கீழே சமவெளியில் ஒரு மருத்துவமனையில், ஒரே காலையில் தொண்ணூறு பேர் பார்த்த நாள். இந்த மலையிலிருந்து போன ஒரு அம்மாவை உட்கார்ந்தபடியே பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினேன். பத்து மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது தோல் உள்ளிழுத்திருந்தது. முதல் நாளே அது அங்கே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. படுக்க வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். கட்டில் இரண்டடி தூரத்தில் இருந்தது.

நர்ஸ் பார்ப்பது போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய்தான். 2022-ஆம் ஆண்டுக்கான கணிப்பில் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் கருவியை ஊர் ஊராக வைக்க வசதி இல்லாத நாடு என்பதால், 30 முதல் 65 வயதுவரை உள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பார்க்க வேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. உங்கள் நர்சம்மா கூப்பிட்டது அதன்படிதான். சந்தேகம் என்றால் மேலே அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு, அதையும் செய்துவிட்டார்.

இப்படி நர்ஸ், சுகாதாரப் பணியாளர் கையால் பார்ப்பதால் பயன் உண்டா என்று மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை பெரிய ஆய்வே நடத்தியது. 1998-இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை உள்ள ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேரை, டாக்டர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் பார்த்தார்கள். இருபது ஆண்டுக் கணக்கு 2021-இல் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்த அளவு பயன் தெரியவில்லை. பயிற்சி பெற்ற கை போதும், மருத்துவப் பட்டம் கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

'ஐம்பதுக்குக் கீழே பயன் தெரியவில்லையாம், அம்மாவுக்கு 44 தானே' என்று உங்கள் மகள் உடனே கேட்பாள். கெட்டிக்காரப் பெண் போலிருக்கிறது; அவளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2015-இல், தொந்தரவு எதுவும் இல்லாத, சராசரி ஆபத்து மட்டுமே உள்ள பெண்களுக்குக் கைப் பரிசோதனையை இனிப் பரிந்துரைக்கவில்லை என்று சொன்னது உண்மை. அங்கே எல்லோருக்கும் மேமோகிராம் கிடைக்கிறது. அதற்கு மேல் கைப் பரிசோதனையால் கூடுதல் லாபம் குறைவு என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இந்த வாதம் எல்லாமே ஒன்றும் தெரியாமல் நல்லபடியாக இருக்கும் பெண்களைப் பற்றியது. நர்சம்மா உங்கள் பெயருக்கு நேரே '10 மணி, 2 செ.மீ.' என்று எழுதிய நிமிடமே நீங்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். தடிப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைக் கையால் பார்க்காமல் விடும் டாக்டர் அமெரிக்காவிலும் இருக்க மாட்டார். பொதுவாக எல்லோரையும் சலித்துப் பார்ப்பது வேறு, ஒருவருக்கு இருப்பதை என்னவென்று கண்டறிவது வேறு. போனில் வருகிற செய்திகளில் பாதிக்குமேல் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மாதம் தவறாமல் கண்ணாடி முன் நின்று தானே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். சீனாவின் ஷாங்காய் நகரில் துணி ஆலைத் தொழிலாளிப் பெண்கள் 2,66,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002-இல் வந்தது. சுய பரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடம் இறப்பு குறையவில்லை; புற்றுநோய் இல்லாத கட்டிகளில் சதை எடுத்துச் சோதிப்பதுதான் கூடியது. அதனால் மாதாமாதம் பயந்துகொண்டே தடவிப் பார்க்க வேண்டாம். குளிக்கும்போதும் துணி மாற்றும்போதும் தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும். புதிதாக ஒன்று தட்டுப்பட்டால் காட்டினால் போதும்.

கைக்கும் எல்லை உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, கைப் பரிசோதனை மட்டும் செய்தால் இருக்கிற புற்றுநோய்களில் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிபடும். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று சொல்ல முடியுமே தவிர, அது என்ன என்று முடிவாகச் சொல்ல முடியாது. நான் தொட்டுவிட்டு 'இது ஒன்றும் இல்லாத கட்டி' என்று அடித்துச் சொன்னால் என்னையும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் உங்களுக்கு இருப்பது என்ன? உங்கள் வயதில் நீர்க்கட்டியாக இருக்கலாம், மாதவிலக்குக்கு முன் திசு இறுகிச் சேர்ந்ததாக இருக்கலாம், பழைய நார்க்கட்டியாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். மார்பகத் திசு அதிகம் இருப்பதே அந்த மேல்வெளிப் பக்கத்தில்தான். அதனால் சாதாரணத் தடிப்பும் அங்கேதான் அதிகம் தட்டுப்படும், புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியும் அங்கேதான் தொடங்கும். பெண்கள் எங்களிடம் கொண்டுவரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. இதைத் தைரியத்துக்காகச் சொல்கிறேன், போகாமல் இருப்பதற்காகச் சொல்லவில்லை.

மாமியார் சொல்லும் பால் கட்டி, உங்கள் கடைசிப் பிள்ளைக்குப் பதினாறு வயது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கில் இருக்க வழியில்லை. விளக்கெண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் சூடு போடுவதும் நீவி விடுவதும் வேண்டாம். தோல் சிவந்து வீங்கினால், பார்ப்பவருக்கு எது நோய், எது வைத்தியம் என்று தெரியாமல் போய்விடும். 'வலிக்கவில்லையே, அப்புறம் என்ன' என்றும் அவர் சொல்லக்கூடும். வலி இருந்தால் பெரும்பாலும் நல்லது என்றுகூடச் சொல்லலாம். மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் வலி மார்பகத்தில் சாதாரணம். தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. வலித்தால் எல்லோரும் சீக்கிரம் வந்துவிடுவார்களே.

ஓ.பி.யில் போய் என்ன சொல்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நம் பெண்கள் கூச்சப்பட்டு 'நெஞ்சில் ஏதோ பண்ணுகிறது' என்பார்கள். உடனே அங்கே ஈ.சி.ஜி. எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். ஈ.சி.ஜி. பேப்பரோடு என்னிடம் வந்து, அதற்கப்புறம் மெல்ல 'இல்லை டாக்டர், மாரில் கட்டி' என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. நீங்கள் வாயைத் திறந்து 'மார்பகத்தில் கட்டி' என்று சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டுங்கள், அது பேசும். இன்னொன்று, பெண்கள் சமாச்சாரம் என்பதால் மகப்பேறுப் பிரிவு வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள். மார்பகக் கட்டியைப் பார்ப்பது பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவு.

அங்கே சர்ஜன் முதலில் மறுபடியும் கையால் பார்ப்பார். ஆமாம், மறுபடியும் கழற்றித்தான் ஆக வேண்டும். பிறகு ஸ்கேன். உங்கள் வயதுக்கு மேமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இரண்டும் தேவைப்படும்; நாற்பதுக்குக் கீழே என்றால் அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள். மேமோகிராம் என்பது எக்ஸ்ரேதான். இரண்டு தட்டுக்கு நடுவே மார்பகத்தை வைத்துச் சில வினாடி அழுத்திப் படம் எடுப்பார்கள். வலிக்கும், ஆனால் தாங்கலாம். அன்று அக்குளில் பவுடர் போட வேண்டாம்; படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து வீண் சந்தேகத்தைக் கிளப்பும். தேவைப்பட்டால் மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று உங்கள் லைனில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். பரவாது. எனக்குத் தெரிந்து மார்பகக் கட்டியில் ஊசியைவிட அதிகக் கெடுதல் செய்தது இந்தப் பேச்சுதான்.

கை, படம், ஊசி மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். மேமோகிராமில் ஒன்றும் இல்லை என்று வந்து, கைக்கு மட்டும் கட்டி தட்டுப்படுகிறது என்றால், விஷயம் முடியவில்லை. மேமோகிராமும் சிலவற்றைத் தவறவிடும், திசு அடர்த்தியாக இருக்கும் வயதில் இன்னும் அதிகமாக. 'படம் நார்மல்' என்று சொல்லி அனுப்பப் பார்த்தால், 'அந்த 10 மணித் தடிப்புக்கு என்ன பதில் டாக்டர்?' என்று நின்று கேளுங்கள்.

ஆண் டாக்டராக இருந்தால்? மலையில் சர்ஜன்களில் ஆண்களே அதிகம்; பெண் சர்ஜன் வேண்டும் என்று கேட்கலாம், கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்பதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். ஆனால் ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில் அது இருக்கிறது; அந்தப் பெண்ணை ஏற்பாடு செய்ய வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. 'சிஸ்டர் ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும் சார்' என்று சொன்னால் போதும். நல்ல டாக்டர் அதை விரும்பவே செய்வார். அவருக்கும் அது பாதுகாப்பு. நாத்தனாரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அழைத்துப் போய் அறைக்குள்ளேயே நிற்க வைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் கூட்டமாக நின்றால், வேண்டாம் என்று சொல்லலாம்.

எங்கே போவது? உங்களுக்குக் குன்னூரும் ஊட்டியும் இரண்டுமே எட்டும் தூரம்தான். ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறந்த 700 படுக்கை கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நேராகப் போங்கள் என்பேன். சர்ஜனும் ஸ்கேனும் ஒரே வளாகத்தில் கிடைத்தால் உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம். ஏதாவது ஒன்றுக்குக் கோயம்புத்தூர் போகச் சொன்னால் தயங்காமல் இறங்கிவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை சிகிச்சை தேவைப்பட்டால் காப்பீட்டில் வரும். அட்டை இல்லை என்றால் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

கைப் பரிசோதனைக்கு மாதவிலக்கு தொடங்கி ஏழிலிருந்து பத்து நாள் ஆன சமயம் நல்லது. அப்போது திசு இளகியிருக்கும். ஆனால் அதற்காக நாள் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். சீட்டு எழுதி ஏற்கெனவே ஐந்து வாரம் ஆகிவிட்டது. இந்த வாரமே போங்கள். சுடிதார் வேண்டாம், முழுதாகக் கழற்ற வேண்டியிருக்கும். புடவை, முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட், மேலே ஸ்வெட்டர், மூடிக்கொள்ள ஒரு சால்வை. சீட்டை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வையுங்கள், மழை விட்டபாடில்லை. அதில் 10 மணி என்று இருப்பதைப் பார்த்து 10 மணிக்குப் போய்விடாதீர்கள், ஓ.பி. சீட்டு வரிசை நீளம், எட்டு மணிக்கே போய் நின்றுவிடுங்கள்.